கல்கரிக்கு 41 புளியங்கொட்டை

நிரந்தர வதிவிட விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: கனடாவில் எந்த மாகாணத்தில், எந்த நகரத்தில் குடியிருக்க உத்தேசித்திருக்கிறீர்கள்?

இரண்டே இரண்டு சின்னக் கட்டங்கள். அவற்றின் முன்னால் நாலு நாள் குந்தியிருந்தேன். மற்றக் கேள்விகள் எதிலும் இப்படி மாட்டுப்படவில்லை. கடந்த பத்து வருடங்களில் வசித்த முகவரிகளை எழுதச் சொன்னார்கள். இரண்டு வரியில் முடிந்தது. நாங்கள் படிவம் நிரப்பியது 2018இல். அவர்கள் இன்னும் இரண்டு வருடம் பின்னால் போய்க் கேட்டிருந்தால் மேலதிகத் தாள் ஒரு கட்டு வேண்டியிருக்கும்: பள்ளிக்கூடம், மரத்தடி, வேறொரு பள்ளிக்கூடம், கூடாரம், கூடார இலக்கம்.

இருந்த இடத்தைச் சொல்வது சுலபம். இனி எங்கே இருக்க விருப்பம் என்பதற்குத்தான் என்னிடம் விடை இல்லை. அந்த வயதுவரை யாரும் அதை என்னிடம் கேட்டதில்லை. என் பரம்பரையில் எந்த ஆண்பிள்ளையிடமும் கேட்டதில்லை.

என் ஊர் வாகரை. மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே அறுபது கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். வலது கைப்பக்கம் கடல், இடது கைப்பக்கம் காடு, ஊருக்குள் நுழையுமுன் பனிச்சங்கேணி வாவி குறுக்கே படுத்திருக்கும். எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களைக் கேட்டால் முன்னோர்கள் எப்படி இடம் பிடித்தார்கள் என்பது விளங்கும்: மாங்கேணி, காயான்கேணி, பனிச்சங்கேணி, புளியங்கண்டலடி. தண்ணீரைக் கண்டால் குடித்திருக்கிறார்கள், மரத்தைக் கண்டால் அதனடியில் படுத்திருக்கிறார்கள், விடிந்ததும் அதற்கு ஊர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாடகை, பள்ளிக்கூடம், வேலைவாய்ப்பு என்று ஒருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

முன்பெல்லாம் வடக்கே போவதென்றால் வெருகலில் பாதை ஏற வேண்டும். எங்கள் பக்கம் பாதை என்றால் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி ஆறு கடத்தும் மிதவை. பாதை பழுதானால் பாதை இல்லை. வந்தவர் அங்கேயே தங்கிவிட வேண்டியதுதான். அப்படித் தங்கியவர்களும் எங்கள் ஊர்களில் உண்டு.

என் அப்பா தங்கியது வேறு காரணத்துக்காக. யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரிய நியமனத்தில் வந்தவர். வந்த முதல் வருடத்தில் மாற்றம் கேட்டு மூன்று கடிதம் எழுதினார். நாலாவது கடிதத்துக்குத் தாள் வாங்கப் போன கடையில் அம்மாவைக் கண்டார். தாள் வாங்கவில்லை. மட்டக்களப்பார் மந்திரம் போட்டு மாப்பிள்ளையைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வடக்கில் ஒரு பழங்கதை இருக்கிறதல்லவா, அப்பாவின் வீட்டாரும் அதைத்தான் சொல்லி அழுதார்கள். அம்மா சாகும்வரை இதை மறுத்தே வந்தாள். "எங்கட வீட்டில அப்ப பாயே இல்ல மனே. ஒரு சாக்குக் கட்டில்தான் இருந்த. அதிலயும் ஒரு கால் ஆடும்."

ஒட்டியதோ ஆடியதோ, அப்பா போனது அம்மாவின் வீட்டுக்கு. எங்கள் பக்கத்து முறை அதுதான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை ஒரு பெட்டியுடன் பெண் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்குரியது, குடி தாய்வழி வருவது. அடுத்த மகளுக்குக் கலியாணம் நெருங்கினால், முன்னம் முடித்த மகளும் மருமகனும் பக்கத்திலோ பின் வளவிலோ கட்டிய வீட்டுக்கு நகர்வார்கள். கடைசி மகள் முடித்ததும் தாயும் தகப்பனும் ஒரு சின்னக் குடிலுக்கு நகர்வார்கள். செஸ் பலகை போல ஒரு வளவு முழுக்க எல்லாரும் ஒவ்வொரு கட்டம் தள்ளிப் போய்க்கொண்டே இருப்பார்கள். காயை நகர்த்தும் கை மட்டும் எப்போதும் பெண்களுடையது. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றுக்கு வந்து கிடந்து இதையெல்லாம் ஆராய்ந்து 2008இல் பெரிய புத்தகமே போட்டார். எங்கள் ஊர் மருமகன்மாரிடம் ஒரு தேத்தண்ணி குடித்திருந்தால் அரை மணித்தியாலத்தில் சொல்லி முடித்திருப்பார்கள்.

என் முறை 2010இல் வந்தது. வாகரையை விட்டு ஆரையம்பதிக்குப் போனேன். மனைவி மூன்று பெண்களில் நடுவில் உள்ளவள். மூத்தவள் அதற்கு முன்பே கனடா போய்விட்டபடியால் பெரிய வீடு எங்களிடம் இருந்தது. 2017இல் கடைசித் தங்கைக்குச் சம்பந்தம் சரிவந்தது. பின் வளவில் தென்னைமரங்களுக்கு நடுவே எங்களுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்கள். அன்றிரவுதான் நான் கனடா விண்ணப்பம் பற்றிக் கணினியில் தேடினேன். ஆட்கள் ஏன் புலம்பெயர்கிறார்கள் என்று கருத்தரங்குகளில் பல காரணம் சொல்வார்கள். பின் வளவை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கலியாணம் தவிர எங்களுக்கு ஊர் தெரிந்து கொடுத்தவர்கள் இன்னும் பலர். 1978 நவம்பரில் சூறாவளி தெரிந்து கொடுத்தது. 2004இல் கடல் தெரிந்து கொடுத்தது. அது போன பிறகு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் தெரிந்து கொடுத்தது. வாகரையில் 200 மீற்றர் பின்னுக்குப் போனால் சில இடங்களில் வாவிக்குள்தான் கால் வைக்க வேண்டும். 2006 கடைசியில் ஷெல் தெரிந்து கொடுத்தது. காட்டாலும் கடலாலும் வாழைச்சேனைப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். அந்தக் கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை, தாண்டிப் போகிறேன். அந்த மாதங்களில் ஒரு தொழில் மட்டும் கைவந்தது: கால் மணி நேரத்தில் ஒரு வீட்டை மூட்டை கட்டுவது. எதை முதலில் எடுப்பது, எதை விடுவது, அரிசிச் சட்டியை எதற்குள் வைப்பது என்பதில் எங்கள் வீட்டில் எல்லாரும் விற்பன்னர்கள்.

ஊரைத் தானே பார்த்துத் தெரிந்த ஒருவர் எங்கள் பக்கத்து வரலாற்றில் இருக்கிறார். அவரும் வெள்ளைக்காரர். வெருகலுக்கு அப்பால் கொட்டியாரக் குடாவில் 1660இல் கண்டி ராசாவின் ஆட்களிடம் அகப்பட்ட ரொபர்ட் நொக்ஸ். மூதூரில் ஒரு புளியமரத்தடியில் பிடிபட்டார் என்பது ஊர்க்கதை. ராசா அவரையும் கூட்டாளிகளையும் ஆளுக்கொரு ஊராகப் பிரித்து அனுப்பினார்; ஊரார் சோறு போட வேண்டும் என்பது கட்டளை. ஆக, அரச செலவில் உணவு, உறையுள், மீள்குடியேற்றம். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், காசு சேர்த்தார், கடைசியில் எலதெத்த என்ற ஊரில் தானே ஒரு காணி பார்த்து வாங்கினார். பத்தொன்பது வருடம் கழித்து 1679இல் தப்பி அரிப்புக்கு ஓடினார். கைதியாக இருந்தவருக்கு எப்படி இவ்வளவு சுதந்திரம் வாய்த்தது என்று நெடுநாள் யோசித்தேன். பிறகுதான் விளங்கியது, மனிதர் கலியாணமே கட்டவில்லை.

சரி, படிவத்துக்கு வருவோம். சும்மா ஏதாவது எழுதிவிடலாம் என்றார் மட்டக்களப்பில் ஒரு நண்பர். அதில் எழுதுவது யாரையும் கட்டுப்படுத்தாதாம். கனடாவின் 1982ஆம் ஆண்டு உரிமைச் சாசனத்தில் 6ஆம் பிரிவைத் தேடி வாசித்தேன். நிரந்தர வதிவிடம் பெற்றவர் எந்த மாகாணத்துக்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம், தொழில் பார்க்கலாம். அந்தப் பந்தியை மூன்று தரம் வாசித்தேன். முகாமில் இருந்தபோது சந்தைக்குப் போகப் பாஸ் எடுத்தவன் நான். இலங்கையைப் போல நூற்றைம்பது மடங்கு பெரிய ஒரு நாட்டைக் காட்டி, விரும்பிய இடத்தில் இரு என்றால் எந்த மூலையில் போய் நிற்பது?

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு வாகரையில் மீனை விட அரசசார்பற்ற நிறுவனங்கள் அதிகம். நான் அப்படி ஒன்றில் களப்பணியாளனாகச் சேர்ந்து பிறகு நிகழ்ச்சித்திட்ட உத்தியோகத்தன் ஆனவன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பி.ஆர்.ஏ., அதாவது பங்கேற்புக் கிராமிய மதிப்பீடு. ஊராரை மரத்தடியில் கூட்டி, நிலத்தில் வளப்படம் கீறவைத்து, தேவைகளைப் பட்டியலிட்டு, புளியங்கொட்டை கொடுத்து, எது முக்கியமோ அதற்கு அதிகம் வையுங்கள் என்று சொல்வோம். எழுதப்படிக்கத் தெரியாதவரும் பங்குபற்றலாம். அதிகக் கொட்டை விழுந்ததுதான் மக்களின் முடிவு. மிகவும் சனநாயகமான முறை.

ஒரு ஊரில், பெயர் வேண்டாம், இரண்டு மணி நேரம் கொட்டை வைத்தார்கள். குடிதண்ணீருக்கு ஒரு குவியல், வீதிக்கு ஒரு குவியல், யானை வேலிக்கு ஒரு குவியல். ஆட்டுக்கு மூன்று கொட்டை. அந்த மூன்றையும் வைத்தவர் ஏற்கெனவே ஆடு வளர்ப்பவர். எல்லாவற்றையும் டெமி பேப்பரில் வடிவாக எழுதிக் கொண்டுபோனேன். அடுத்த மாதம் லொறியில் ஆடுகள் வந்தன. முன்மொழிவில் ஆடு என்றுதான் இருந்ததாம், கொடையாளர் ஒப்புதல் தந்துவிட்டாராம், ஆனால் மக்களின் பங்கேற்பு மிக அவசியமாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆட்டுக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "அப்ப மறுகா ஏன் தம்பி அவ்வளவு நேரம் எங்களக் குனிய வச்சநீங்க?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இருந்தும், படிவத்தின் முன் குந்தியிருந்த ஐந்தாம் நாள் ஒரு கிலோ பழப்புளி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கொட்டையை எடுத்துக் கழுவிக் காயவைத்தேன். விறாந்தையில் டெமி பேப்பரை விரித்தேன். மேலே நகரங்கள், பக்கத்தில் தகுதிகள்: வேலை, வாடகை, குளிர், கோயில், தமிழ்க்கடை, மீன், மகளின் பள்ளிக்கூடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நகரம் ஆகக்கூடியது பத்துக் கொட்டை பெறலாம். மனைவி, நான், ஆறு வயது மகள் ஆகியோர் பங்குபற்றுநர்கள். வழிநடத்துநர் தன் கருத்தைத் திணிக்கக்கூடாது என்பது விதி. அதனால் நான் ஒரு மூலையில் அடக்கமாக இருந்தேன்.

மனைவி தாளைப் பார்த்தாள். "கடல் உள்ள ஊரெல்லாத்தையும் முதல்ல வெட்டுங்க."

"மீன் எண்டு ஒரு தகுதி இருக்கே?"

"மீன் வேணும். கடல் வேணாம்."

ஆரையம்பதியும் கடற்கரைதான். 2004 மார்கழியில் அவள் எந்தப் பக்கம் ஓடினாள் என்பது எனக்குத் தெரியும், ஆகவே வாதாடவில்லை. ஆனாலும் ஹலிஃபக்ஸுக்கும் நியூபவுண்லாந்தின் சென் ஜோன்ஸுக்கும் ஒரு வார்த்தை பேசிப் பார்த்தேன். அது அத்திலாந்திக், அங்கே சுனாமி கினாமி ஒன்றும் இல்லை என்றேன். அவள் கைத்தொலைபேசியை எடுத்தாள். கனடாவைப் பற்றி நான் ஒரு மாதம் படித்ததை அவள் இரண்டு நிமிடத்தில் முந்தினாள். 1929 நவம்பர் 18, நியூபவுண்லாந்தின் பியூரின் குடாநாடு, கடலடி நிலநடுக்கம், சுனாமி, இருபத்தெட்டுப் பேர் பலி. சென் ஜோன்ஸை வெட்டினேன். ஹலிஃபக்ஸ் எதுவுமே செய்யாமல் கூட்டத்தோடு கூட்டமாக வெட்டுப்பட்டது. அங்கே சிங்க இறால் மலிவாமே என்ற என் முனகல் அறிக்கையில் பதிவாகவில்லை.

உண்மையில் நியூபவுண்லாந்தில் எனக்கு ஒரு ஒட்டுதல் இருந்தது. கொட் மீனுக்குப் பேர்போன கடல். ஆனால் மீன் அழிந்துபோகிறது என்று 1992இல் அரசாங்கம் கொட் மீன்பிடியை நிறுத்தியது. ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் ஒரே நாளில் தொழில் இழந்தார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் வலையோடு குந்தியிருப்பது என்னவென்று வாகரையாருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. போயிருந்தால் பேசிக்கொள்ள ஆள் கிடைத்திருக்கும்.

வன்கூவர் அழகான நகரம், மழை பெய்யும், ஸ்னோ குறைவு என்று தொடங்கினேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "1700 ஜனவரி 26."

"அது 318 வருசத்துக்கு முந்தி!"

"வந்த வழி அதுக்குத் தெரியும்."

வன்கூவரும் போயிற்று. அந்த ஊர் வீட்டு விலையைப் பார்த்தால் நாங்கள் வெட்டாவிட்டாலும் அது எங்களை வெட்டியிருக்கும்.

மிஞ்சியவை நாலு. மொன்றியலில் வாடகை குறைவு என்பதால் எட்டுக் கொட்டையுடன் அது நன்றாகத்தான் தொடங்கியது. பிரெஞ்சு படிக்க வேண்டும் என்றதும் வேலைக் கட்டத்தில் நாலு குறைந்தது. அதன்பின் நான் ஒரு தகவல் சொன்னேன், சொல்லாமல் விட்டிருக்கலாம்: கியூபெக்கில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் யூன் 30இல் முடிவதால், யூலை முதலாந் திகதி நகரமே வீடு மாறுமாம். கட்டில், மெத்தை, குளிர்சாதனப்பெட்டி எல்லாம் தெருவில் நிற்குமாம். லொறி கிடைக்காதவர்கள் சைக்கிளில்கூடச் சாமான் கொண்டுபோவார்களாம். மனைவி என்னை விறைத்துப் பார்த்தாள். "சண்டை இல்லாம, புயல் இல்லாம, ஒவ்வொரு வருசமும் தாங்களா இடம்பெயருறாங்களா?" மொன்றியலின் கொட்டைகளை அவளே எண்ணிக் குறைத்தாள். 33.

வினிபெக்கில் குளிர் சைபருக்குக் கீழே முப்பதைத் தொடும். கோடையில் நுளம்பு. நுளம்புக்காக நாங்கள் புள்ளி குறைக்கவில்லை. அதற்கும் நமக்கும் பழக்கம். குளிருக்கு ஒரு கொட்டைதான் கிடைத்தது. ஆனால் எண்ணிப் பார்த்தால் மொத்தம் 39 வருகிறது. எப்படி என்று பார்த்தால், நாங்கள் மொன்றியலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மகள் வினிபெக் கட்டத்துக்குள் இரண்டு பிடி தள்ளிவிட்டிருக்கிறாள். மனிடோபா மாகாணத்தில் பனிக்கரடி இருக்கிறதாம். பனிக்கரடி இருப்பது சேர்ச்சில் என்ற ஊரில், அது வினிபெக்கிலிருந்து ஆயிரம் கிலோமீற்றர் வடக்கே, அங்கே போக வீதியே கிடையாது, ரயிலிலோ விமானத்திலோதான் போக வேண்டும் என்று விளக்கினேன். "பாதை இல்லையாப்பா?" என்று கேட்டாள். ஆரையம்பதியில் பிறந்த பிள்ளைக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது பாருங்கள். கொட்டைகளை எடுக்க மனம் வரவில்லை. சிறுவர் பங்கேற்பு என்று அறிக்கையில் எழுதிக்கொண்டேன்.

கல்கரி வந்தபோது ஆட்டம் சூடுபிடித்தது. வேலைக்கு எட்டு. பள்ளிக்கூடத்துக்கு எட்டு. குளிருக்கு ஐந்து, ஏனென்றால் மலையிலிருந்து சினூக் என்றொரு காற்று இறங்கி வந்தால் சில மணித்தியாலத்தில் இருபது பாகை ஏறிவிடும், நடு மாரியில் ஆட்கள் கோட்டைக் கழற்றுவார்கள். மீனுக்கு நான் ஒன்றுதான் எதிர்பார்த்தேன். மனைவி பத்து வைத்தாள்.

"என்ன மீன் இருக்கு அங்க?"

"நான் மீனுக்கு வைக்கல்ல. அந்த ஊர் கடல் மட்டத்தில இருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல. நடுவில ரொக்கி மலை. அதுக்கு வச்ச."

தகுதியை இடையில் மாற்றக்கூடாது என்பதும் விதிதான். ஆனால் வழிநடத்துநர் கருத்துத் திணிக்கக்கூடாது என்ற விதி அதற்கு மேலானது. கல்கரி 41.

ரொறன்ரோவுக்கு வாடகையில் ஒரு கொட்டை. வேலைக்கு ஆறு. கோயிலுக்கும் தமிழ்க்கடைக்கும் பத்துப் பத்து, அதைத் தவிர்க்க முடியாது. மொத்தம் 36, மூன்றாம் இடம். நான் மூலையிலிருந்து எழும்பி, இந்தப் பங்கேற்பு நிகழ்வில் கல்கரி தெரிவாகியிருக்கிறது என்று முறைப்படி அறிவித்தேன். மகள் கை தட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்கள் குடும்பம் தன் விருப்பத்தில் ஒரு ஊரைத் தெரிந்திருந்தது. பனடோல் போட்டது போல ஒரு நிம்மதி.

தொலைபேசி அடித்தது. ஸ்காபுறோவிலிருந்து மனைவியின் அக்கா.

நாற்பது நிமிடம் பேசினார்கள். எனக்குக் கேட்டது இந்தப் பக்கத்து வார்த்தைகள் மட்டும். "ஓம்கா." "ஓம்." "அப்படியா?" "அந்தப் பேஸ்மென்ற்றா?" "எப்ப எழும்புறாங்க?" "ஓம்கா." மூன்றாவது ஓம்காவில் நான் டெமி பேப்பரைச் சுருட்டத் தொடங்கினேன். பேசி முடித்ததும் மனைவி வந்து படிவத்தை எடுத்தாள். மாகாணம்: ஒன்ராறியோ. நகரம்: ரொறன்ரோ. எழுத்து வடிவானது, அடித்தல் திருத்தல் இல்லை.

"அப்ப மறுகா இதெல்லாம்?" என்று நிலத்தைக் காட்டினேன்.

"நீங்க விருப்பமா இருந்தீங்க. அதான் வச்ச."

ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெரியவர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

2019 சித்திரையில் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்கினோம். உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டார்கள். மிளகாய்த்தூள், கருவாடு, ஊறுகாய் எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். மகளின் பொம்மைப் பைக்குள் ஒரு பிடி புளியங்கொட்டை இருந்தது எனக்குத் தெரியாது. வினிபெக்கின் வாக்குகளை அவள் பத்திரப்படுத்தியிருக்கிறாள். அதிகாரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது என்ன, எதற்கு?

பொய் சொல்லப் பயமாக இருந்தது. எந்த நகரத்தில் குடியிருப்பது என்று தீர்மானிக்கப் பயன்படுத்தினோம் என்றேன். பங்கேற்பு முறை என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எந்த நகரம் வென்றது என்று கேட்டார். கல்கரி என்றேன். ஆனால் உங்கள் முகவரி ஸ்காபுறோ என்று இருக்கிறதே என்றார். நான் மனைவியைப் பார்த்தேன். அவரும் மனைவியைப் பார்த்தார். மனைவி எங்கள் இருவரையும் பார்த்தாள். அதன்பின் அவர் ஒன்றும் கேட்கவில்லை. விரலில் மோதிரம் இருந்தது. கொட்டைகளை மட்டும் வாங்கி ஒரு தட்டில் போட்டுவிட்டு எங்களைப் போகச் சொன்னார்.

ஸ்காபுறோவில் வந்த புதிதில் காண்பவரிடமெல்லாம் ஒரு கேள்வி கேட்டேன்: நீங்கள் ஏன் இந்த ஊரைத் தெரிந்தீர்கள்? கள ஆய்வுப் பழக்கம் போகாது. கோயிலில், மீன்கடையில், 54ஆம் இலக்க லோரன்ஸ் பஸ்ஸில், எங்கும் கேட்டேன். வேலைவாய்ப்பு என்று சொன்னவர் ஒருவருமில்லை. மச்சான் இருந்தார். சித்தி இருந்தா. அண்ணன்ட கூட்டாளி ஒருத்தர் எயார்போட்டுக்கு வந்தார், அவர் ஏத்தி வந்து விட்ட இடம் இது. ஒருவர் மட்டும், "இஞ்சதான் கார் பழுதாப்போச்சு" என்றார். அவர் பகிடி விட்டாரா என்று இன்றுவரை தெரியாது. வெருகலில் பாதை பழுதாகித் தங்கியவர்களை நினைத்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

வரலாறும் அப்படித்தான் சொல்கிறது. 1986 ஆகஸ்ட் 11, நியூபவுண்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கண்டு கரைசேர்த்தார்கள். கனடாவில் அவர்கள் முதலில் கால் வைத்த மாகாணம் அதுதான். அன்பாகப் பார்த்தார்கள், உடுப்புக் கொடுத்தார்கள். சில நாட்களில் அவர்கள் எல்லாரும் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டார்கள். காப்பாற்றியவர் ஊரை விட, சொந்தக்காரர் ஊர். நாங்கள் கடலைப் பிழையாகச் சொன்னோமோ என்னவோ, அக்காமாரைப் பிழையாகச் சொல்லவில்லை.

பேஸ்மென்ற் வாழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும், அனுபவிக்காதவர்கள் நம்பமாட்டார்கள். ஜன்னலால் பார்த்தால் மனிதர்களின் கணுக்கால் தெரியும். தபால்காரரையும் சகலனையும் சப்பாத்தை வைத்து அடையாளம் காணப் பழகிக்கொண்டேன். பின் வளவுக்குப் பயந்து பதினாலாயிரம் கிலோமீற்றர் பறந்து வந்தவன் கீழ் வளவில் இருந்தேன். மேலே அக்கா, கீழே தங்கை, குசினிப் படிக்கட்டால் நாள் முழுக்கப் பாத்திரங்கள் ஏறி இறங்கின. ஞாயிற்றுக்கிழமை மேலே நண்டு காய்ச்சினால் கீழே எனக்கு வாகரை மணக்கும். கீழே நான் கருவாடு பொரித்தால் மேலே புகை அலாரம் அடிக்கும்.

கல்கரியை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். வானிலைச் செய்தியில் இப்போதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். சினூக் வீசினால் மனைவிக்குச் சொல்வேன். அவள் ஓம் என்பாள். கா போடமாட்டாள்.

நாலு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு ஞாயிறு மேலே கூப்பிட்டார்கள். அக்கா தேத்தண்ணி ஊற்றினாள். சகலன் என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார். அவருக்கு விசயம் தெரியும், அவர் என்னைவிட மூத்த மருமகன். ஆரையம்பதியில் இருக்கும் கடைசித் தங்கையின் புருசனுக்கு இங்கே படிக்க விசா கிடைத்துவிட்டதாம். இருவரும் புரட்டாதியில் வருகிறார்களாம்.

"எங்க இரிக்கப் போறாங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது. கடைசித் தங்கை வந்தால் நடுவில் உள்ளவள் நகர வேண்டும். வளவு மாறினாலும் ஆட்டம் அதுவே. ஒரு கட்டம் தள்ளி வைத்தால் போதும்.

அன்று பின்னேரம் நான் மாக்கம் வீதியில் ஒரு தமிழ்க்கடைக்குப் போனேன். இந்த முறை முறைப்படி செய்ய வேண்டும் என்று மனதில் ஒரு வைராக்கியம். டெமி பேப்பர் டொலர் கடையில் வாங்கிவிட்டேன். ஏஜக்ஸ், பிரம்ரன், ஒஷாவா, எட்மன்டன், ஏன், கல்கரிகூட. தட்டில் பழப்புளி வகைவகையாக இருந்தது. தாய்லாந்துப் புளி, இந்தியப் புளி, போத்தலில் கரைத்த புளி. ஒவ்வொரு பைக்கற்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: கொட்டை நீக்கியது.

கடைக்காரப் பெடியனிடம் கொட்டை உள்ள புளி இல்லையா என்று கேட்டேன். "ஆரண்ணை இப்ப கொட்டையோட வாங்கினம்?" என்றான்.

வெளியே வந்தபோது மனைவியிடமிருந்து அழைப்பு. அக்கா ஏஜக்ஸில் ஒரு வீடு பார்த்திருக்கிறாளாம், முழு வீடு, நிலத்துக்கு மேலே, அவளுக்குத் தெரிந்தவருடையதாம், ஒன்றாந் திகதி திறப்புத் தருவார்களாம்.

"ஏஜக்ஸில பெரிய ஏரிக்கரை ஒண்டு இருக்கே, தண்ணி பக்கத்தில," என்றேன், ஒரு நப்பாசையில்.

"அது ஏரி. பாத்திட்டன். சுனாமி வராது."

திரும்பிக் கடைக்குள் போய் பெட்டி ஒட்டும் டேப் நாலு உருளை வாங்கினேன். பெடியன் ஆறு வேண்டும் என்றான். நாலு போதும் என்றேன். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.